பழைய ஃபெல்ட் தொப்பிக்கு நீராவி காட்டும் முன்

பழம்பொருள் கடைகளிலும் இணையத்திலும் 1920கள், 1930களின் ஃபெல்ட் தொப்பிகள் இன்று நல்ல விலைக்குப் போகின்றன. வாங்கியவர் பெரும்பாலும் முதலில் செய்வது, கொதிக்கும் கெட்டிலின் மூக்கருகே பிடித்து நசுங்கலை நிமிர்த்துவது. அடுத்து, உப்புத்தாளால் அழுக்கைத் தேய்த்து எடுப்பது. தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். அந்தக் காலத்து முயல் ரோமத் தொப்பிக்குள் பாதரசம் தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். சூடும் ஈரமும் அதை ஆவியாக வெளியேற்றும். உப்புத்தாள் அதைத் தூசியாக மூக்குக்குள் அனுப்பும்.

பாதரசத்துக்குத் தொப்பியில் என்ன வேலை? ஃபெல்ட் நெய்த துணியல்ல. ஒவ்வொரு ரோமத்தின் மேலும் ஓட்டுக்கூரையைப் போல ஒரே திசையில் அடுக்கிய நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரம், சூடு, அழுத்தம் மூன்றும் சேரும்போது ரோமம் வேர்ப்பக்கமாக மட்டுமே நகரும், வந்த வழியே திரும்பாது. இப்படி லட்சக்கணக்கான இழைகள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டி இறுகுவதுதான் ஃபெல்ட். ஆட்டுக் கம்பளி இதற்குத் தானாகவே இணங்கும். முயல் ரோமம் நேரானது, வழவழப்பானது, எளிதில் பின்னிக்கொள்ளாது. அதனால் நைட்ரிக் அமிலத்தில் கரைத்த பாதரசத்தைத் தோலின் மேல் தூரிகையால் தடவினார்கள். ரோமத்தின் புரதமான கெரட்டினின் கந்தகப் பிணைப்புகள் உடைந்து ரோமத்தின் நுனி இளகிச் சுருளும். காய்ந்ததும் நுனிகள் ஆரஞ்சு நிறமாகும் என்பதால் இந்த வேலைக்குக் காரட்டிங் என்று பெயர்.

அதன்பின் ரோமத்தை அறுத்து, ஊதிப் பிரித்து, சூடான அமில நீரில் பலமுறை உருட்டிச் சுருக்குவார்கள். மூடிய, ஈரமான, சூடான அறைகள். ஒவ்வொரு கட்டத்திலும் பாதரசம் காற்றில் கலந்தது. கை நடுக்கம், ஓயாத எச்சில் சுரப்பு, பல் ஆட்டம், கூச்சம், சட்டென வரும் கோபம் ஆகியவை தொழிலாளர்களைப் பிடித்தன. அமெரிக்காவின் நியூஜெர்சியில் தொப்பித் தொழிலாளர்களிடம் கண்ட பாதரச நோயைப் பற்றி அடிசன் ஃப்ரீமன் என்ற மருத்துவர் 1860இலேயே எழுதினார். கனெக்டிகட்டின் தொப்பி நகரமான டான்பரியில் அந்த நடுக்கத்துக்கு ஊர்ப்பெயரே ஒட்டிக்கொண்டது. ஆனாலும் அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசம் நின்றது 1941 டிசம்பரில்தான். நோயை விவரித்து எண்பது ஆண்டுகள் கழித்து! டான்பரியின் ஸ்டில் ஆற்று வண்டலில் அந்தப் பாதரசம் இன்னும் கிடக்கிறது.

மற்ற நாடுகளில் பழக்கம் அதற்குப் பின்னும் தொடர்ந்தது. எனவே 1941ஐ ஒரு எல்லைக்கோடாக வைத்துக்கொள்ள முடியாது. பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்கவும் வழியில்லை. பாதரச ஆவிக்கு நிறமும் மணமும் கிடையாது. எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியால் தொப்பியைச் சேதப்படுத்தாமல் சோதிக்கலாம். நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்க்கும் பெட்டியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஆனால் அது தங்கத்துக்கென்று அளவமைத்த கருவி, அதன் முடிவை இதற்கு நம்பக் கூடாது.

சோதிக்க வழியில்லை என்றால் பாதரசம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நைட்ரைல் கையுறை போட்டுத் தொடுங்கள். கெட்டியான பாலித்தீன் பையில் மூடி, வெயிலும் சூடும் படாத இடத்தில் வையுங்கள். திறக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். குழந்தைகளின் மாறுவேடப் பெட்டிக்குள் அது போகவே கூடாது. வீட்டு வாக்குவம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள், அது பாதரசத்தைச் சூடாக்கி அறை முழுக்கப் பரப்பும். அருங்காட்சியகங்களில் பழைய ஃபெல்ட் தொப்பிகளைப் பாதுகாப்பவர்களும் கையுறையோடும் எச்சரிக்கைச் சீட்டோடும்தான் கையாளுகிறார்கள்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஆங்கிலேயர் காலத்து வெள்ளை அல்லது காக்கி நிற சோலா தொப்பி ஃபெல்ட் அல்ல. அது தஞ்சாவூர்க் கைவினையில் பயன்படும் அதே நெட்டியால் ஆனது, மேலே துணி போர்த்தியது. காரட்டிங் ஆபத்து அதற்குப் பொருந்தாது.

புதிய ஃபெல்ட்டில் வேலை

இன்று ரோமத்தைப் பதப்படுத்துவது ஹைட்ரஜன் பெராக்சைடும் அமிலங்களும். எனவே புது ஃபெல்ட்டில் பாதரசப் பயம் வேண்டாம். ஆனால் தொப்பிப் பட்டறையின் ஆபத்துகள் பாதரசத்தோடு ஒழிந்துபோகவில்லை. நீராவி, ஸ்பிரிட், தூசி மூன்றும் அப்படியே இருக்கின்றன. புதிதாகக் கற்பவர்கள் தொப்பியைக் கெடுக்கும் அதே இடங்களில்தான் உடம்பையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கையால் தொப்பி செய்பவர்களில் பெரும்பாலோர் ரோமத்திலிருந்து தொடங்குவதில்லை. போர்ச்சுகலின் சாவ் ஜுவாவ் த மதெய்ரா, செக் நாட்டின் நோவி யிச்சீன் போன்ற ஊர்களின் ஆலைகளில் செய்த கூம்பு வடிவ ஃபெல்ட்டை வாங்குகிறார்கள். ஆலையில் துளையிட்ட கூம்பின் மேல் ரோமத்தைக் காற்றால் உறிஞ்சிப் படியவைக்கும்போது அது கடைசி அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாக இருக்கும். சுருக்கிச் சுருக்கித்தான் இறுகவைக்கிறார்கள். போதிய அளவு சுருக்காத ஃபெல்ட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மேகம் போலத் திட்டுத் திட்டாகத் தெரியும். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எந்தக் கைவேலையும் அதைக் காப்பாற்றாது. தொப்பியின் உட்பட்டையில் அச்சிடும் 10X போன்ற எக்ஸ் எண்களைப் பார்த்தும் விலை கொடுக்க வேண்டாம். எத்தனை எக்ஸ் என்றால் எவ்வளவு பீவர் என்ற விலங்கின் ரோமம் என்பதற்குத் தொழில் முழுக்கப் பொதுவான அளவுகோல் கிடையாது.

விறைப்பு ஏற்றுவது அவலரக்கால். நம் தச்சர்கள் பாலிஷுக்கு ஸ்பிரிட்டில் ஊறவைக்கும் அதே செதில்தான். பழகாதவர்கள் ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 60 கிராமுக்கு மேல் போகாதீர்கள். ஓர் இரவு ஊறியதும் வடிகட்டி, விளிம்பின் அடிப்பக்கத்திலும் உச்சியின் உட்பக்கத்திலும் மட்டும் மெல்லியதாகத் தடவ வேண்டும். போதவில்லை என்றால் நன்றாகக் காய்ந்தபின் இன்னொரு முறை தடவலாம். ஏற்றியதை இறக்குவது கடினம். அதிகமானால் நீராவி பட்டதும் அரக்கு வெளிமுகத்தில் கசிந்து பளபளக்கும், மடிப்பில் விரிசல் விடும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் தடவினால் வெண்மை பூக்கும், கறுப்புத் தொப்பியில் அது அப்பட்டமாகத் தெரியும்.

ஸ்பிரிட் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். குடிக்க முடியாதபடி மெத்தனால் கலந்த ஸ்பிரிட் நிறைய விற்பனையாகிறது. மெத்தனால் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும், பார்வை நரம்பைத் தாக்கும். எத்தனால் சார்ந்ததை வாங்குங்கள், கையுறை போடுங்கள், காற்றோட்டத்தில் தடவுங்கள். தூசிக்கான முகக்கவசம் ஸ்பிரிட் ஆவியைத் தடுக்காது, எத்தனால் ஆவிக்குக் கரி வடிகட்டி உள்ளது வேண்டும், மெத்தனால் ஆவியை அதுவும் சரியாகத் தடுக்காது. விறைப்பேற்றும் அறையில் கேஸ் அடுப்பு எரியக் கூடாது. நீராவிக்காக அடுப்பில் கெட்டிலை வைத்துக்கொண்டே பக்கத்து மேசையில் ஸ்பிரிட் தடவும் பழக்கம் பல சிறு பட்டறைகளில் இருக்கிறது. ஸ்பிரிட் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து தீயைத் தேடிப் போகும்.

அச்சில் ஏற்றுதல்

இங்கேதான் தொப்பி பிறக்கிறது, கெடுவதும் இங்கேதான் அதிகம். கூம்பின் உட்புறமாக நீராவியைச் செலுத்தி, ஃபெல்ட் முழுக்க ஒரே சீராகச் சூடாகி இளகும்வரை சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடம் குளிர்ந்திருந்தால் இழுக்கும்போது அந்த இடம் நகராது, பக்கத்து இடம் மெலியும். நீராவி தோலில் பட்டு நீராகும்போது கூடுதல் வெப்பத்தை விடுகிறது, அதனால் அதன் சூடு கொதிநீரைவிட மோசமானது. துணிக் கையுறை நனைந்தால் சூட்டைக் கைக்குள் பூட்டிவைக்கும். சிலிக்கோன் அல்லது ரப்பர் கையுறைதான் சரி.

இளகியதும் மர அச்சுக்கட்டையின் மேல் போட்டு நான்கு பக்கமும் மாற்றி மாற்றி இழுங்கள். ஒரே பக்கமாக இழுத்தால் உச்சியின் மையம் நகர்ந்துவிடும். உச்சியில் இடைவெளி இல்லாமல் படிந்ததும், உச்சியும் விளிம்பும் சேரும் கோட்டில் பருத்திக் கயிற்றைச் சுற்றி இறுக்கி, மரக்கட்டையால் கயிற்றைக் கீழே தள்ளிக்கொண்டு போக வேண்டும். பிறகு ஈரத்துணி வைத்து இஸ்திரி போடலாம்.

அதன்பின் காத்திருங்கள். குறைந்தது 24 மணி நேரம், கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் 48 மணி நேரம். சூடும் ஈரமும் கெரட்டினின் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்தியிருக்கும். ஈரம் முழுக்கப் போனால்தான் அவை புது வடிவத்தில் மறுபடி இறுகும். ஹேர் ட்ரையர் காட்டினால் வெளிமுகம் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். கழற்றியதும் அழகாகத்தான் இருக்கும். ஒரு வாரத்தில் சுற்றளவு சுருங்கித் தலையை இறுக்கும். "அளவு தப்பு" என்று வரும் புகார்களில் பல உண்மையில் காயவைத்ததன் தப்பு.

விளிம்பைத் தட்டையாக இஸ்திரி போட்டு, அதுவும் காய்ந்த பிறகே வெட்டுங்கள். ஈரத்தில் 7 செ.மீ. என்று வெட்டிய விளிம்பு காய்ந்தபின் அதே 7 செ.மீ. ஆக இருக்காது.

தேய்த்தலும் தீ காட்டுதலும்

மேற்பரப்புக்குப் பட்டுத்தன்மை தருவது உப்புத்தாள். 320இல் தொடங்கி 400, பிறகு 600. உச்சி நடுவிலிருந்து கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில், எப்போதும் ஒரே திசையில். அணிபவர் பின்னாளில் தூரிகையால் துடைப்பதும் இதே திசையில்தான் இருக்க வேண்டும். முன்பக்கம் விரலால் கிள்ளிப் பிடிக்கும் இடத்தில் குறைவாகத் தேய்க்கச் சொல்வோம். அங்கே ஏற்கெனவே மடிப்பு விழுகிறது, மெலிந்தால் சில ஆண்டுகளில் ஓட்டை விழும்.

நீட்டிக்கொண்டிருக்கும் முரட்டு முடிகளை ஸ்பிரிட் விளக்கின் தீயால் நொடியில் தொட்டு எடுப்பார்கள். விறைப்பேற்றிய அன்று இதைச் செய்யவே கூடாது. ஃபெல்ட்டுக்குள் தங்கிய ஸ்பிரிட் ஒரே பற்றில் எரியும். வெளிர் நிற ஃபெல்ட் பழுப்பேறும் என்பதால் அதைத் தாளாலேயே முடிப்பது நல்லது.

தேய்க்கும் தூசியில் நுண்ணிய ரோமமும் சாயமும் அரக்கும் கலந்திருக்கும். என்95 முகக்கவசம் கட்டாயம். துணியைக் கட்டிக்கொள்வது போதாது. தூசியை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். பழுதுபார்க்க வரும் பழைய தொப்பியை, அதன் வயதும் வரலாறும் தெரியாமல், இந்த மேசையில் வைக்கவே வைக்காதீர்கள். தொப்பிக்காரர் மனம் நோகும் என்று தயங்க வேண்டாம், காரணத்தைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

கடைசியாக வியர்வைப் பட்டை. செம்மறித் தோல் நன்று. காதுக்கு மேலே ஒரு விரல் அளவு விட்டுத் தலையை அளந்து 57 செ.மீ. வந்தால் அமெரிக்க அளவில் ஏழேகாலுக்கு ஒரு படி கீழே, அதாவது ஏழும் எட்டில் ஒன்றும். 1 மி.மீ. தடிமனுள்ள தோல் உள்சுற்றளவில் சுமார் 6 மி.மீ. குறைக்கும். அச்சுக்கட்டையைத் தேர்வு செய்யும்போதே இதைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். தையல் ஃபெல்ட்டின் முழுத் தடிமனையும் துளைத்து வெளியே வரட்டும், அதன் மேல் நாடா வந்து மூடிக்கொள்ளும். பசை வைத்து ஒட்டிய பட்டை வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மதியம் கிடந்தாலே பிடிவிடும். தோலும் சுருங்கி ஃபெல்ட்டை உள்ளே இழுக்கும். அப்போது மறுபடி நீராவி காட்டி அச்சில் ஏற்றி, பட்டையையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.