ஆடிட், தணிக்கை, கணக்காய்வு: காதுல ஆரம்பிச்ச ஒரு சொல்

எங்க சங்கம் ரொம்ப சின்னது. ஐரோப்பாவுல ஒரு சின்ன நாட்டோட ஏற்றுமதி இறக்குமதி பண்றவங்க சேர்ந்து பெங்களூர்ல நடத்துற டிரேட் அசோசியேஷன், மெம்பர்ஸ் நூறு பேரு கூட தேறமாட்டாங்க, இந்திராநகர்ல ஒரு ரூம் தான் ஆபீஸ், கணக்கு பாக்குறது நான். மெம்பர்ஸ்ல ஓசூர்ல பட்டறை வச்சிருக்கவங்க கொஞ்சம் பேரு, கரூர்ல இருந்து துணி அனுப்புறவங்க ரெண்டு மூணு பேரு, அவங்களுக்காக வருஷா வருஷம் ஏஜிஎம், அதாவது வருஷாந்தர பொதுக்கூட்ட நோட்டீஸை இங்கிலீஷோட தமிழ்லயும் ஒரு பக்கம் போடுவோம். போன தடவை அந்த தமிழ் பக்கத்துல "தணிக்கை அறிக்கை"ன்னு டைப் பண்ணிட்டு வாய்விட்டு படிச்சு பாத்துட்டு இருந்தேன், பக்கத்து மேஜைல இருந்த எங்க மேனேஜர் கன்னடக்காரர், சட்டுனு நிமிர்ந்து "ஏனு, தனிகே? யார் மேலே?"ன்னு கேட்டார். நிஜமாவே பதறிட்டார்.

கன்னடத்துல தனிகேன்னா போலீஸ் விசாரணை. தினமும் பேப்பர்ல வர்ற வார்த்தை அது, சிஐடி தனிகே, லோகாயுக்தா தனிகேன்னு. ஆடிட்டுக்கு அவங்க சொல்றது லெக்க பரிசோதனெ. நம்ம ஊர்ல கௌரவமா சர்க்கார் போர்டுல இருக்குற ஒரு சொல்லு, ஓசூர் தாண்டி நாப்பது கிலோமீட்டர் வந்ததும் யாரோ திருடிட்டாங்கன்ற மாதிரி கேக்குது. அதுல இருந்து இந்த சொல்லை விடாம தேடிட்டு இருக்கேன், தேடினதுல கிடைச்சதை எழுதிடறேன்.

முதல்ல ஆடிட். லத்தீன்ல ஆடிரேன்னா கேக்குறது, காதால கேக்குறது. ஆடியோ, ஆடிட்டோரியம் எல்லாம் அதே வேர் தான். பழைய இங்கிலாந்துல பண்ணையார் நிலத்தையும் சாமானையும் பாத்துக்குற காரியஸ்தர் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து நின்னு, இவ்வளவு வந்துச்சு, இவ்வளவு போச்சு, இவ்வளவு மிச்சம்னு கணக்கை உரக்க படிப்பார், எழுத படிக்க தெரிஞ்சவங்க கம்மியா இருந்த காலம், அதனால எதிர்ல உக்காந்து கேக்குறதுக்குன்னே ஆள் இருப்பாங்க, அந்த கேக்குற ஆள் தான் ஆடிட்டர். ஆக ஆடிட்டரோட வேலை கண்ணுல ஆரம்பிக்கல, காதுல ஆரம்பிச்சிருக்கு.

இதை படிச்சதும் எனக்கு உடனே ஞாபகம் வந்தது ஒப்புவிக்கிறதுன்ற சொல்லு தான். நாம ஸ்கூல்ல திருக்குறள் ஒப்புவிச்சோம் இல்லையா, வாத்தியார் எதிர்ல நின்னு மனப்பாடமா சொல்றது. அதே சொல்லுக்கு இன்னொரு பொருள், பொறுப்பை, பொருளை, கணக்கை உரியவங்க கிட்ட சேர்க்குறது. பழைய தமிழ் பைபிள்ல லூக்கா 16ல எஜமான் தன் சொத்தைப் பாத்துக்குற உக்கிராணக்காரனை கூப்பிட்டு உக்கிராணக் கணக்கை ஒப்புவின்னு தான் சொல்றார். வாயால சொல்றதும் கணக்கை கையில சேர்க்குறதும் தமிழ்ல ஒரே சொல்லுக்குள்ள இருக்கு. அங்க கேக்குறவர் பேர்ல சொல்லு பொறந்திருக்கு, இங்க சொல்றவர் பக்கம் பொறந்திருக்கு, ரெண்டும் ஒரே மேஜையோட ரெண்டு பக்கம். இது எனக்கு ரொம்ப பிடிச்சுப் போச்சு.

கணக்காயர்னு ஒரு பழைய சொல்லும் இருக்கு, அதுக்கு முதல் பொருள் வாத்தியார். நக்கீரரோட அப்பா பேரு மதுரைக் கணக்காயனார். அப்ப கணக்குன்னா எழுத்து, நெடுங்கணக்குன்னா அரிச்சுவடி. இன்னைக்கு சிஏவை, அதாவது சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்டை, சிலர் பட்டயக் கணக்காயர்னு எழுதுறாங்க, சிலர் பட்டயக் கணக்காளர்னு. புள்ளைங்க ஒப்புவிக்கிறதை கேட்டவர் பேரு இப்ப சங்கங்க ஒப்புவிக்கிறதை கேக்குறவருக்கு வந்து சேர்ந்திருக்கு. யாரும் யோசிச்சு பண்ணது இல்லனு நினைக்கிறேன், ஆனா சரியா பொருந்துது.

சரி, தணிக்கைக்கு வர்றேன். பாத்தா சுத்தத் தமிழ் மாதிரியே இருக்கும். வருகை, சேர்க்கை, கொள்கை, அறிக்கைன்னு நம்ம கிட்ட கை-ல முடியுற பெயர்ச்சொல் நிறைய, பக்கத்துல தணின்னு ஒரு வினைச்சொல்லும் ரெடியா இருக்கு, அதனால தணிக்கை அறிக்கைன்னு சேர்த்து எழுதினா ரெண்டும் ஒரு வயித்துல பொறந்த மாதிரி தெரியும். ஆனா இது தன்கீஹ்ன்ற அரபிச் சொல்லு, உருது வழியா கச்சேரிக்குள்ள, அதாவது அந்தக் காலத்து சர்க்கார் ஆபீஸுக்குள்ள, வந்தது. அரபியில அதோட பொருள் களைஞ்சு சுத்தம் பண்றது, திருத்தி ஒழுங்கு பண்றது, உருதுல ஆராய்ஞ்சு பாக்குறது. தெலுங்குல தனிகீன்னா சோதனை போடுறது, கன்னடத்துல தனிகேன்னா விசாரணை, தமிழ்ல தணிக்கைன்னா கணக்கு சரிபாக்குறது, அப்புறம் சினிமாவுக்கு சென்சார். ஒரே சொல்லு மூணு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு மூணு குணமா ஆயிடுச்சு. வசூல், பாக்கி, ரசீது, ஜப்தி, தாசில்தார் எல்லாம் இதே மாதிரி வருவாய் கச்சேரி வழியா வந்த சொல்லுங்க தான். தமிழ்நாட்டுல வருஷா வருஷம் தாலுகா ஆபீஸ்ல கிராமக் கணக்கை எல்லாம் கொண்டு வந்து வச்சு பாப்பாங்களே ஜமாபந்தி, அதுவும் அப்படித்தான், அதுக்கு இப்ப வருவாய்த் தீர்வாயம்னு அழகா ஒரு தமிழ்ப் பேரும் வச்சிருக்காங்க.

வேற மொழியில இருந்து வந்துச்சுன்றதுக்காக ஒரு சொல்லை தூக்கி எறியணும்னு நான் சொல்லமாட்டேன். ரசீதை எறிஞ்சிட்டு என்ன பண்றது. உள்ளாட்சி நிதி தணிக்கைத் துறை, தணிக்கைத் தடை, அகத்தணிக்கைன்னு அரசாங்க நடையில அது வேர் விட்டாச்சு, தமிழ்நாட்டுல சர்க்கார் கடிதாசு எழுதுறவங்க அப்படியே எழுதட்டும். என் பிரச்சனை வேற. தணிக்கைன்னு கேட்டதும் நம்ம ஆளுக்கு மனசுல வர்றது வெட்டுறது, சினிமா சீனை வெட்டுற மாதிரி. கன்னடக்காரருக்கு வர்றது போலீஸ். ஆடிட் ரெண்டும் கிடையாது. 1896ல இங்கிலாந்துல கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்குல நீதிபதி லோப்ஸ் சொன்னதை இன்னைக்கும் சிஏ படிக்கிற ஒவ்வொருத்தரும் படிக்கிறாங்க, ஆடிட்டர் வீட்டைக் காக்குற நாய், மோப்பம் புடிச்சு துரத்துற நாய் இல்லன்னு. தப்பு நடந்திருக்குன்னு நினைச்சுக்கிட்டே அவர் உள்ள வர்றது இல்ல. சந்தேகம் வர்ற மாதிரி ஏதாவது கண்ணுல பட்டா விடக்கூடாது, அவ்வளவு தான். கடைசியில அவர் குடுக்குறது தீர்ப்பும் இல்ல, இந்தக் கணக்கு உண்மையான நியாயமான நிலையைக் காட்டுதுன்னு ஒரு கருத்து.

அதுக்குத் தான் கணக்காய்வுன்ற சொல்லு சரின்னு எனக்குப் படுது. கணக்கு, ஆய்வு, ரெண்டும் தெரிஞ்ச சொல்லு, யாருக்கும் விளக்கவே வேண்டாம். இலங்கைல இது தான் சட்டத்துலயே இருக்கு, அங்க ஆடிட்டர் ஜெனரல் கணக்காய்வாளர் தலைமை அதிபதி, 2018ல வந்த சட்டமே தேசிய கணக்காய்வுச் சட்டம். பேலன்ஸ் ஷீட்டுக்கு ஐந்தொகைன்னு அவங்க பாடப்புத்தகத்துல ரொம்ப நாளா இருந்த சொல்லும் நல்ல சொல்லு, நம்ம செட்டியார்மாரும் அவங்க கடைக் கணக்குல அதைத் தான் எழுதினாங்க. தமிழ்நாட்டு பிளஸ் டூ புத்தகத்துல அதுக்கு இருப்புநிலைக் குறிப்பு. எனக்கு ஐந்தொகை மேல ஆசை, ஆனா ஓசூர்க்காரங்களுக்கு புரியணும்னா இருப்புநிலைக் குறிப்பு தான் எழுதணும், அவங்க பசங்க அதைத் தானே படிக்கிறாங்க.

சொல்லுக்கு இவ்வளவு ஏன் மெனக்கெடணும்னா, எங்கள மாதிரி சின்ன சங்கத்துல கணக்கு எப்படி நடக்குதுன்னு பாத்தா தெரியும். இது கம்பெனி இல்ல, லாபம்னு ஒரு வார்த்தையே எங்க கணக்குல வராது, வரவு அதிகமா இருந்தா உபரி, செலவு அதிகமா இருந்தா பற்றாக்குறை. காகிதம் மூணு. கையில வந்ததும் போனதும் மட்டும் சொல்றது பெறுதல் செலுத்தல் கணக்கு. இந்த வருஷத்துக்கு உரியதை மட்டும் பிரிச்சு சொல்றது வருவாய் செலவினக் கணக்கு. மார்ச் 31 அன்னைக்கு சங்கம் எங்க நிக்குதுன்னு சொல்றது இருப்புநிலைக் குறிப்பு. முதல் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துல தான் மெம்பர்ஸ் எல்லாரும் குழம்புவாங்க. மார்ச்ல ஒருத்தர் அடுத்த வருஷ சந்தா 10,000 ரூபா கட்டிட்டார்னு வைங்க, பேங்க்ல காசு வந்தாச்சு, பெறுதல்ல ஏறிடும், ஆனா அது இந்த வருஷ வருமானம் கிடையாது, அவருக்கு நாம இன்னும் ஒரு வருஷம் சேவை செய்ய கடமைப்பட்டிருக்கோம், அதனால இருப்புநிலைக் குறிப்புல பொறுப்பு பக்கம் போய் உக்காரும். மே மாசம் போற டெலிகேஷனுக்கு பிப்ரவரியிலயே ஸ்பான்சர் குடுத்த பணமும் அப்படித்தான், அதே டெலிகேஷனுக்கு முன்னாடியே போட்ட ஃப்ளைட் டிக்கெட் இந்தப் பக்கம் சொத்தா நிக்கும்.

ரெண்டு நாட்டு சங்கம்ன்றதால இன்னொரு சிக்கல். அங்க இருக்குற எங்க கூட்டாளி சங்கத்துக்கு வருஷம் டிசம்பர் 31ல முடியுது, நமக்கு மார்ச் 31. சேர்ந்து நடத்துன கண்காட்சிக்கு அவங்க பங்கு இவ்வளவுன்னு அவங்க டிசம்பர் கணக்குல செலவு எழுதி முடிச்சிருப்பாங்க, பணம் யூரோல கிளம்பி பேங்க் கமிஷன் எல்லாம் போய் நம்ம கைக்கு வர ஜனவரி ஆயிடும், அவங்க காகிதத்துல இருக்குற தொகையும் நம்ம காகிதத்துல இருக்குற தொகையும் ஒரு நாளும் ஒண்ணா இருக்காது. இங்க யாரும் பொய் சொல்லல. அதை உக்காந்து பொறுமையா கேட்டு, உங்க கணக்குல இவ்வளவு, எங்க கணக்குல இவ்வளவு, வித்தியாசம் இதனாலன்னு கடிதாசு வாங்கி ஃபைல்ல வைக்கிறது தான் ஆடிட்ல பாதி வேலை. இதுக்குப் போய் விசாரணைன்னு பேரு வச்சா யார் மனசு விட்டு சொல்லுவாங்க?

எஃப்டி, அதாவது பேங்க் ஃபிக்ஸட் டெபாசிட், வட்டி விஷயமும் இப்படித்தான். மெம்பர்ஸ் காசு, மெம்பர்ஸுக்கே செலவு, நமக்கு நாமே லாபம் பாக்க முடியாது, அதனால வரி இல்லன்னு பரஸ்பரத் தத்துவம் ஒண்ணு இருக்கு, அதை வச்சு மெம்பரா இருக்குற பேங்க்லயே எஃப்டி போட்டா வட்டிக்கும் வரி வராதுன்னு எங்க பழைய பொருளாளர் நம்பிட்டு இருந்தார். நம்ம ஊர் பெங்களூர் கிளப் வழக்குல 2013ல சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு, பேங்க் அந்தப் பணத்தை வெளி ஆளுக்கு கடன் குடுக்குது, அங்கயே பரஸ்பரம் அறுந்து போச்சு, வட்டிக்கு வரி உண்டு. இதை எங்களுக்கு எடுத்துச் சொன்னதே ஆடிட்டர் தான், கணக்கை கேட்டுட்டு இருந்தப்ப.

கணக்கு சொல்லாம இருக்குறது எவ்வளவு பெரிய விஷயம்னு நம்ம ஆளுங்களுக்கு ஆயிரம் வருஷம் முன்னாடியே தெரியும். உத்திரமேரூர்ல முதலாம் பராந்தகன் காலத்து கல்வெட்டு, 919லயும் 921லயும் வெட்டுனது, குடவோலை முறையில வாரியத்துக்கு ஆள் எடுக்குற விதி அதுல இருக்கு. ஏரி வாரியம், தோட்ட வாரியம்னு எந்த வாரியத்துல இருந்தவரா இருந்தாலும் கணக்குக் காட்டாம போயிருந்தா அவர் பேரை குடத்துல போடக்கூடாது, அவர் மட்டும் இல்ல, அவரோட நெருங்கின சொந்தக்காரங்க பேரும் கூடாது. கவனிங்க, திருடினவங்களுக்கு தனியா விதி இருக்கு, இது வெறும் கணக்கு காட்டாதவங்களுக்கு. கணக்குக் காட்டுறதுன்ற அந்த சொல் இன்னைக்கும் நம்ம வாயில அப்படியே இருக்கு, ஆனா இப்ப "சும்மா கணக்கு காட்டினான்"னா ஏமாத்தினான்னு அர்த்தம் ஆயிடுச்சு, அது எனக்கு வருத்தம் தான்.

எங்க சங்கம் 1960ம் வருஷ கர்நாடக சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிவானது, ஏஜிஎம் முடிஞ்சு 14 நாளுக்குள்ள கணக்கையும் கமிட்டி மெம்பர்ஸ் லிஸ்டையும் ரெஜிஸ்ட்ராருக்கு அனுப்பணும், அதனால நோட்டீஸை இழுத்துட்டே இருக்க முடியாது. தணிக்கையை எடுத்துட்டு கணக்காய்வாளர் அறிக்கைன்னு போட்டேன். ஆடிட்டர்னு பேச்சுல சொல்றதை நான் மாத்தல, அது மாறவும் வேண்டாம், எழுத்துல மட்டும். ஆனா ஒண்ணு, கணக்காய்வுல அந்த காது இல்ல, ஆய்வு கண்ணோட வேலை. அதனால நிகழ்ச்சி நிரல்ல மூணாவதா, பொருளாளர் ஆண்டுக் கணக்கை ஒப்புவித்தல்னு தனியா ஒரு வரி சேர்த்தேன்.

கூட்டத்துல பொருளாளர் அம்மா அதை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. வழக்கமா காகிதத்தை சுத்துக்கு விட்டுட்டு ஏத்துக்கிட்டதா எழுதிடுவோம், இந்த தடவை எழுந்து நின்னு ஒவ்வொரு வரியா படிச்சாங்க, சந்தா இவ்வளவு, கண்காட்சி வரவு இவ்வளவு, முன்கூட்டி வாங்கின சந்தா இவ்வளவுன்னு, இருபது நிமிஷம் ஆச்சு. முன்கூட்டி வாங்கின சந்தான்னு படிச்சப்ப ஓசூர்ல இருந்து வந்த பெரியவர் கை தூக்கி, "அம்மா, அதை இன்னொரு தடவை படிங்க, அதுல என் பணமும் இருக்கா?"ன்னு கேட்டார். இருந்துச்சு, மார்ச் 28ல கட்டினது. அவங்க திருப்பி படிச்சாங்க, எங்க ஆடிட்டர் பேனாவை மூடி வச்சுட்டு கேட்டுட்டு இருந்தார்.