ஸ்பீக்கர் ஒயருக்குக் கொட்டும் பணமும் சுவரில் இல்லாத எர்த்தும்

ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கியாச்சு, ஸ்பீக்கரும் வந்தாச்சு, இனி கேபிளுக்கு எவ்வளவு ஒதுக்கணும்? என்னிடம் சிஸ்டம் பொருத்தச் சொல்லி வருபவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. மொத்தச் செலவில் பத்து சதவீதம் கேபிளுக்கு என்று யாராவது ஏற்கெனவே ஓதி அனுப்பியிருப்பார்கள். நானும் கேபிள் விற்பவன்தான், அதனால் இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் நஷ்டம். தப்பான ஒயர் சத்தத்தைக் கெடுக்கும், நன்றாகவே கெடுக்கும். ஆனால் தேவையான தடிமனில் ஒழுங்கான செம்பு ஒயர் போட்டு, முனைகளை இறுக்கிவிட்டால், அதற்கு மேல் செலவழிக்கும் பணம் காதுவரை வந்து சேர்வதில்லை.

ஸ்பீக்கர் ஒயரில் பார்க்க வேண்டியது முதலில் ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை, ஓமில் அளப்பது. ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கர் பத்து மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் போய்த் திரும்ப இருபது மீட்டர் செம்பு. முக்கால் ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரில் அது கிட்டத்தட்ட 0.46 ஓம், இரண்டரை ஸ்கொயரில் 0.14 ஓம்தான். ஸ்பீக்கரின் ஓமில் ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு, அதாவது 8 ஓமுக்கு 0.4, 4 ஓமுக்கு 0.2. பின்பக்கம் 8 ஓம் என்று அச்சடித்திருந்தாலும் எந்த ஸ்பீக்கரும் எல்லா அலைவரிசையிலும் அந்த எட்டிலேயே நிற்காது, ஓரிடத்தில் நாலு வரை இறங்கும், இன்னோரிடத்தில் இருபது முப்பதுக்கு ஏறும், அதனால் மெல்லிய ஒயரில் சில பகுதி மட்டும் ஒரு டெசிபல் அளவுக்கு அமுங்கிப் போகும். கூர்ந்து கேட்டால் அது தெரியும். நம் வீட்டு ஹால்களுக்கு இரண்டரை ஸ்கொயர் தாராளம். தூரம் ரொம்ப அதிகமானால் நாலு ஸ்கொயர்.

இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது கலப்பட ஒயரிடம். அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பைப் பூசி விற்கிறார்கள், சிசிஏ என்பார்கள். வெளியே பார்த்தால் பளபளவென்று செம்புதான். அதே தடிமனுக்கு ரெசிஸ்டன்ஸ் ஒன்றரை மடங்கு, ஆக இரண்டரை ஸ்கொயர் என்று வாங்கியது ஒன்றரை ஸ்கொயர் போலத்தான் வேலை செய்யும். அது போதாதென்று இறுக்கிய இடத்தில் நாளடைவில் நசுங்கித் தளர்ந்துவிடும். ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். காயிலைக் கையில் தூக்கினாலே தெரிந்துவிடும், அலுமினியத்தின் எடை செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஆக்சிஜன் நீக்கிய செம்பு என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதற்கும் சாதாரண எலக்ட்ரிக்கல் செம்புக்கும் மின்கடத்தலில் ஒரு சதவீதம்கூட முழுசாக வித்தியாசம் வராது. அலைவரிசை ஏற ஏற மின்சாரம் கம்பியின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும் என்ற ஸ்கின் எஃபெக்ட் கதையும் அப்படித்தான், 20,000 ஹெர்ட்ஸிலேயே மின்சாரம் செம்புக்குள் அரை மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும், வீட்டு ஒயருக்கு அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

2007இல் அமெரிக்காவில், 7,250 டாலர் விலை போட்ட ஸ்பீக்கர் கேபிளை சாதாரணக் கேபிளிலிருந்து காதால் மட்டும் பிரித்துச் சொன்னால் பத்து லட்சம் டாலர் தருகிறேன் என்று, மோசடிகளை அம்பலப்படுத்திவந்த மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி சவால் விட்டார். பேச்சுவார்த்தை நீண்டுகொண்டே போய், கடைசிவரை அந்தச் சோதனை நடக்கவில்லை. நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம், ஆனால் எந்தக் கேபிள் ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது. இரண்டிலும் வால்யூம் மீட்டர் வைத்துச் சமமாக்கியிருக்க வேண்டும், ஏனென்றால் துளி சத்தம் கூடினாலும் காது அதைத்தான் நல்லது என்று சொல்லும்.

அதற்கு முன் ப்ளஸ் மைனஸ் சரியா என்று பாருங்கள், சார். ஒரே ஒரு ஸ்பீக்கரில் மாறியிருந்தாலும் பேஸ் காணாமல் போகும், பாடுபவர் குரல் நடுவில் நிற்காமல் மிதக்கும். சுவருக்குள் போன ஒயரில் எது எது என்று குழப்பமா? ஆம்ப்பிலிருந்து கழற்றிவிட்டு, ஒரு ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒயர் முனையில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். எல்லா வூஃபரின் (பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கர்) கோனும் ஒரே பக்கமாக அசைய வேண்டும். விலை உயர்ந்த கேபிள் போட்டும் திருப்தி இல்லை என்று கூப்பிடும் வீடுகளில் நான் முதலில் செய்வது இதைத்தான். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோர வீடுகள் என்றால் முனைகளில் பச்சை பூத்திருக்கும், வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி இறுக்கினால் போதும்.

அப்புறம் ஹம். 'ம்ம்ம்' என்ற அந்த இரைச்சலைப் போக்கத்தான் மக்கள் ஷீல்டு கேபிள், பவர் கார்டு என்று ஆயிரக்கணக்கில் இறைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் கிரவுண்ட் லூப். செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி ஒயரின் வெளி உறை வேறெங்கோ எர்த் ஆகியிருக்கும், உங்கள் ஆம்ப் சுவர் பிளக்கில் எர்த் ஆகியிருக்கும், இரண்டுக்கும் நடுவே, செட்டாப் பாக்ஸிலிருந்து ஆம்ப்புக்கு ஆடியோ கொண்டுவரும் உங்கள் ஆர்சிஏ கேபிள் வழியாகக் கரண்ட் ஓடும். அந்த டிவி ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள், ஹம் நின்றால், அந்த எர்த் தொடர்பைத் துண்டிக்கவென்று உள்ள ஐசொலேட்டர் ஒன்று போதும், விலையும் கம்மி.

தயவுசெய்து பிளக்கின் எர்த் பின்னை வெட்டாதீர்கள். ஹம் நிற்கும், உண்மைதான். உள்ளே ஒரு இன்சுலேஷன் விட்டுப்போனால் ஆம்ப்பின் இரும்புப் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும், அதைத் தொடுவது உங்கள் பிள்ளையாகக்கூட இருக்கலாம். சில வீடுகளில் எர்த்தே இருக்காது, சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கி வைத்திருப்பார்கள். அங்கே நியூட்ரல் ஒயர் எங்காவது அறுந்தாலே போதும், பெட்டி லைவ் ஆகிவிடும். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட் காட்டுவது சகஜம். ஏசி, கெய்சர் எல்லாம் ஓடும்போதும் அசையாமல் பூஜ்யமே காட்டினால் சந்தேகப்படுங்கள், நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்து கிடந்தால் தண்ணீர் ஊற்றச் சொல்வார், ஊற்றுங்கள்.

கேபிள் நிஜமாகவே சத்தத்தை மாற்றும் இடமும் ஒன்று உண்டு. ரெக்கார்ட் பிளேயரில் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் ஒரு வகைப் பகுதி) இருந்தால், அதிலிருந்து ஆம்ப்பில் ரெக்கார்ட் பிளேயருக்கென்று உள்ள போனோ இன்புட் வரை போகும் கேபிளின் கெபாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் தன்மை, கணக்கில் வரும். சில கார்ட்ரிட்ஜ்கள் மொத்தம் 100 முதல் 200 பிக்கோஃபாரட் கேட்கும், நீளமான கேபிள் ஒன்றே அதை விழுங்கிவிடும், ட்ரெபிள் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு எழும்பி அதற்கு மேல் சரியும். அங்கே விலையைப் பார்க்காமல் மீட்டருக்கு எத்தனை பிக்கோஃபாரட் என்று கேட்டு, முடிந்தவரை குட்டையாக வாங்குங்கள்.