புளித்த தயிர் காஸ்டிக் சோடாவை முறிக்காது

"கெமிக்கலே கிடையாதுங்க மேடம், தயிரும் தேங்காய் எண்ணெயும்தான்." வீட்டில் செய்த சோப்பை என் மேசையில் வைக்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். தருமபுரியில் தோல் மருத்துவம் பார்க்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு வீட்டு சோப்பு செய்கிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் காஸ்டிக் சோடா என்ற கடும் காரம் இல்லாமல் எண்ணெய் சோப்பாகாது. அதைக் கேட்டால், "அது கொஞ்சம்தாங்க போட்டேன்" என்பார்கள். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு இரண்டு கையிலும் விரலிடுக்கு சிவந்து வெடித்திருந்தது. முழங்கையிலும் கழுத்திலும் எரிச்சல். கொண்டுவந்த சோப்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். ஓரம் நல்ல மஞ்சள். நடுவில் சுண்ணாம்பு போல வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டை நனைத்து, அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பிஹெச் தாளை ஒட்டியதும் தாள் கருநீலம் தாண்டி, கடும் காரத்தைக் காட்டும் ஊதாவாகிவிட்டது. எண்ணெயோடு சேராத காரம் அப்படியே உள்ளே தங்கியிருக்கிறது. "நல்லா புளிச்ச தயிராப் பார்த்துத்தாங்க போட்டேன், அது காரத்தை முறிச்சிடும்னு சொன்னாங்க" என்றார்.

இதை அவர் மட்டும் சொல்லவில்லை. அதனால் கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன்.

ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுக்க சோப்பாக மாற சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். எண்ணெயில் கொஞ்சம் மிஞ்சட்டும் என்று 5 சதவீதம் குறைத்து 174 கிராம் போடுவார்கள். கடலை எண்ணெய்க்கு இவ்வளவு தேவையில்லை. ஒரு கிலோவுக்கு 136 கிராம் போதும். தேங்காய் எண்ணெய்க்குச் சொன்ன அளவை வைத்துக்கொண்டு, செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் வீட்டில் இருக்கிறதே என்று அதை ஊற்றினால் கிட்டத்தட்ட 38 கிராம் காரம் வேலையில்லாமல் நிற்கும். இனி தயிருக்கு வருவோம். 100 கிராம் புளித்த தயிரில் லாக்டிக் அமிலம் ஏறக்குறைய 1 கிராம். அது முறிக்கிற காஸ்டிக் சோடா அரை கிராம்கூட இல்லை. அந்த 38 கிராமை முறிக்க எட்டு கிலோவுக்கு மேல் தயிர் வேண்டும். ஒரு கிலோ எண்ணெய்க்கு எட்டு கிலோ தயிர் ஊற்றினால் சோப்பு எங்கே வரும்?

அப்படியானால் தயிர் வீணா? முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். அதன் அமிலம் காரத்தோடு சேர்ந்து சோடியம் லாக்டேட் ஆகிறது. அது சோப்பைக் கெட்டியாக்கும். பாலின் சர்க்கரை நுரையைக் கூட்டும். ஆனால் தயிரில் இருக்கிற 'நல்ல பாக்டீரியா' அந்தக் காரத்தில் ஒன்றுகூடப் பிழைக்காது. பிஹெச் 7-க்குக் கீழே என்றால் அமிலம், மேலே என்றால் காரம். தயிரின் பிஹெச் 4-லிருந்து 4.5 வரை, நன்றாகச் செய்த வீட்டு சோப்புக்கே அது 9, 10 என்று இருக்கும். முகம் வெளுக்கும், தோலின் அமிலத்தன்மையைக் காக்கும் என்று எழுதி விற்பதெல்லாம் வெறும் பேச்சு. தயிர் பூசினால் சுகமாக இருக்கிறது என்றால் தயிராகவே பூசிக் கழுவிக்கொள்ளுங்கள்.

செய்துதான் தீருவேன் என்பவர்களுக்கு நான் சொல்வது இது. தயிரில் பெரும்பங்கு தண்ணீர்தான், ஆகவே அதைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்க வேண்டும்; கூடுதலாக ஊற்றக் கூடாது. காஸ்டிக் சோடாவை நேராகத் தயிரில் கொட்டினால் கரைசல் கொதிக்கிற அளவுக்குச் சூடேறி, பால் சர்க்கரை கருகிப் பழுப்பாகும், அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும். காஸ்டிக் சோடாவை அதே எடைத் தண்ணீரில் கரைத்து ஆறவைத்து, மீதித் தண்ணீருக்குப் பதிலாக ஃபிரிட்ஜில் வைத்த தயிரைக் கட்டியில்லாமல் அடித்து வடிகட்டி, எண்ணெயோடு சேர்ப்பது நல்லது. தண்ணீரில்தான் காரத்தைப் போட வேண்டும். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள், அலுமினியம் வேண்டவே வேண்டாம். காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கையுறை, கண்ணாடி கட்டாயம். எல்லாவற்றையும் கிராம் காட்டும் தராசில் நிறுங்கள். டம்ளர் கணக்கும் ஸ்பூன் கணக்கும் ரசத்துக்கு ஆகும். வெட்டிய சோப்பு நான்கிலிருந்து ஆறு வாரம் காற்றில் உலர வேண்டும். பிறகு நுரையில் பிஹெச் தாளை வையுங்கள். 11-ஐத் தொட்டால் குளிக்க எடுக்காதீர்கள். நாக்கில் வைத்துப் பார்க்கிற வேலை வேண்டாம்.

சிலர் கடையில் கிடைக்கும் சோப்பு பேஸை, அதாவது ஏற்கெனவே சோப்பாக்கிய கட்டியை, உருக்கித் தயிர் கலக்குகிறார்கள். காரத்தைத் தொட வேண்டாம் என்பது நல்லதுதான், ஆனால் அந்தத் தயிர் உள்ளேயே கெட்டுப் பூஞ்சை பிடிக்கும். நாற்றமோ கரும்புள்ளியோ வந்தால் தூக்கிப் போடுங்கள்.

இன்னொன்று, நம் மாவட்டத்துக்கே உரியது. சோப்பு நுரைக்கவில்லை என்றாலும் "ஃப்ளோரைடு தண்ணிங்க" என்கிறார்கள். ஃப்ளோரைடு கெடுப்பது பல்லையும் எலும்பையும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. நுரையைக் கொல்வது போர் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும். அவை சோப்போடு சேர்ந்து திரிந்து தோலில் படியும், வறட்சியும் அரிப்பும் வரும். காரம் கரைக்க போர் தண்ணீர் வேண்டாம், காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்குங்கள். மார்கழியில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தோல் வெடிக்கிறவர்களும், கைக்குழந்தைகளும், எக்ஸிமா உள்ளவர்களும் எந்த வீட்டு சோப்பும் போடாமல் இருப்பதே நல்லது.

விற்பதானால் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உரிமம் வேண்டும். தெரிந்தவர்களுக்கு மட்டும்தானே என்பது சால்ஜாப்பு.

காஸ்டிக் சோடா பார்க்கக் கல்லுப்பு போலவே இருக்கும். சமையலறையில் வைக்காதீர்கள், கரைசலைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றவே ஊற்றாதீர்கள். தோலில் பட்டால் தூளைத் தட்டிவிட்டு, நனைந்த துணியைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் காட்டுங்கள். கண்ணில் பட்டால் அரை மணி நேரம் இமையை விரித்துக் கழுவிக்கொண்டே ஆளை விட்டு 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். அங்கேயும் தயிரைத் தேடி ஓடாதீர்கள்; எலுமிச்சையும் வினிகரும்கூட வேண்டாம். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, போன வழியெல்லாம் மறுபடி வெந்துவிடும். உடனே தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.