பீச்சுல இருந்து இவ்ளோ தூரம் இருக்கற மனைக்கு எதுக்கு கடற்கரை சட்டம்?

கடலூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு, உப்பனாறு ஓரமா மனை வாங்கியிருக்கேண்ணே, பிளான் அப்ரூவலுக்கு போனா சிஆர்இசட்ல (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) வருதுங்கறாங்க, அலை சத்தமே கேக்காத எடத்துக்கு கடற்கரை சட்டம் எப்படி வரும்னு. நியாயமான கேள்வி.

விஷயம் உப்புல இருக்கு தம்பி. 2019 சிஆர்இசட் அறிவிக்கைப்படி கடலோட சேந்திருக்கற ஆறு, ஓடை, உப்பங்கழி எல்லாத்துலயும் ஏத்தம், அதாவது கடல் தண்ணி உள்ள ஏறி வர்றது, எதுவரைக்கும் எட்டுதோ அதுவரைக்கும் சட்டமும் போகும், அந்த எல்லைய வருஷத்துலயே ரொம்ப வறண்ட காலத்துல தண்ணிய அளந்துதான் முடிவு பண்ணணும், ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு, அதாவது லிட்டருக்கு சுமாரா 5 கிராம் இருக்கற எடம்தான் எல்லை. கடல் தண்ணில 35 கிராம் இருக்கும். வறண்ட காலம் எதுக்குன்னா ஐப்பசி கார்த்திகைல கெடிலத்துலயும் பரவனாத்துலயும் வெள்ளம் வந்தா உப்பெல்லாம் முகத்துவாரம் பக்கம் தள்ளிடும், அப்ப அளந்தா கடல் உள்ளயே வரலங்கற மாதிரி தெரியும். சித்திரைல போய் அளந்தா நெஜம் தெரியும்.

சரி, உப்பு ஏறுனா ஏறிட்டு போவுது, அத எதுக்கு காப்பாத்தணும்? இங்கதான் எனக்கு ரொம்ப புடிச்ச சங்கதி வருது.

வெள்ளை இறால் முட்டை விடறது கடல்ல, குஞ்சு வளர்றது ஆத்துக்குள்ள. குஞ்சு உள்ள வரும்போது ஒரு சென்டிமீட்டர் அளவுதான், கண்ணாடி மாதிரி இருக்கும், வத்தம், அதாவது தண்ணி கடலுக்கு திரும்பி எறங்கும்போது எதுர்நீச்சல் போட அதால முடியவே முடியாது. ஆனாலும் கிலோமீட்டர் கணக்குல உள்ள ஏறி வந்துடுது. எப்படின்னா, ஏத்தம் வரும்போது தரைய விட்டு எழும்பி தண்ணில மெதக்கும், கடலே அத தூக்கிட்டு உள்ள வரும். வத்தம் ஆரம்பிச்சதும் கீழ எறங்கி சேத்தோட ஒட்டிக்கும், தரை ஓரம் ஓட்டம் கம்மி, அதனால வந்த தூரம் வீணாகாது. ஒரு ஏத்தத்துக்கும் அடுத்த ஏத்தத்துக்கும் கிட்டத்தட்ட பன்னண்டரை மணி நேரம், அடுத்தது வந்ததும் மறுபடி எழும்பும். இப்படி படிப்படியா ஆத்துக்குள்ள வந்து சேரும். ஏத்தமா வத்தமான்னு அதுக்கு யாரு சொல்றா? 1969ல ஹியூஸ்ங்கறவர் அமெரிக்க பிங்க் இறால வெச்சு பாத்தாரு, தண்ணில உப்பு கொறைய ஆரம்பிச்சா குஞ்சு கீழ எறங்கிடுது, கூடுனா எழும்பி நீந்துது. வேற சில வகைக்கு தண்ணி ஒசர்ற அழுத்தமே போதும். நெனச்சு பாருங்க, கண்ணுக்கு சட்டுன்னு தெரியாத ஒரு உசிரு உப்ப ருசி பாத்து நேரம் சொல்லுது!

இப்ப ஓடை நடுவுல ஒரு தற்காலிக ரோடுன்னு மண்ண கொட்டி, ஒரே ஒரு சின்ன குழாய வெச்சா என்ன ஆகும்? ஏத்தம் அந்தாண்ட போகாது, உப்பு மாறாது, சேறு அடைச்சுக்கும், குஞ்சு ரோட்டுக்கு இந்தாண்டயே நின்னுடும். வேலை முடிஞ்சு மண்ண எடுத்தாலும் அந்த சீசன் போனது போனதுதான். கொடுவா, மடவை குஞ்சுங்களுக்கும் இதே வழிதான்.

எனக்கு வருத்தம் என்னன்னா, 2011 அறிவிக்கைல இந்த மாதிரி ஆத்தோரத்துல சட்டம் பொருந்தற தூரம் 100 மீட்டர் இல்லன்னா ஆத்தோட அகலம், எது கம்மியோ அதுன்னு இருந்துச்சு. 2019ல அந்த 100 வந்து 50 ஆயிடுச்சு. 'எது கம்மியோ'ங்கற வார்த்தைதான் உறுத்துது, எட்டு மீட்டர் ஓடைக்கு எட்டு மீட்டர்தான் காவல், ஆனா குஞ்சுங்க பதுங்கறது அந்த குறுகலான ஓடைலதான். நம்ம பரங்கிப்பேட்டையில அண்ணாமலை பல்கலைக்கழக கடல் உயிரியல் மையமே வெள்ளாறு கழிமுகத்துல இருக்கு, அவங்கள மாதிரி ஆளுங்களுக்கு வருஷா வருஷம் காசு குடுத்து ஒவ்வொரு ஓடையிலயும் உப்பும் குஞ்சும் எண்ண சொல்லணும், ஒரு தடவ அளந்து மேப் போட்டுட்டு விடறது பத்தாது.

உங்க மனைக்கு வரேன் தம்பி. சிஆர்இசட்ல வந்தா கட்டவே கூடாதுன்னு அர்த்தம் இல்ல, எந்த வகைல வருதுங்கறத பொறுத்தது, கடலோர மேலாண்மை மேப்ல உங்க சர்வே நம்பர வெச்சு பாத்துடுங்க, தூரத்த ஏத்தம் அதிகமா ஏறுற கோட்டுல இருந்து அளக்கணும். மனைக்கு வழி போட ஓடைய தாண்டணும்னா மட்டும் குழாய் வேணாம், அகலமா பெட்டி கல்வெர்ட்டா (பெட்டி மாதிரி சதுரமான சின்ன கான்கிரீட் பாலம்) கேளுங்க, அதோட தரை ஓடை தரைக்கு கீழ இருக்கணும், மேல சேறு படிஞ்சு பழையபடி ஆயிடும். கொத்தனார்கிட்ட சொல்லும்போது பக்கத்துல நின்னு சொல்லுங்க.