கேஸ் மாத்திரைக்கும் காலை டீக்கும் நடுவே அரை மணி நேரம்

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடவு நாட்களில் விடியுமுன்பே டீக்கடைகளில் பாய்லர் கொதிக்கத் தொடங்கிவிடும். வயலுக்குப் போகிறவர்கள் ஒரு டீயைக் குடித்துவிட்டு இறங்கினால், சாப்பாடு ஒன்பது, பத்து மணிக்குத்தான். நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை போடுகிறவர்கள் அவர்களிலும் உண்டு. “வெறும் வயிற்றில் போடுங்கள்” என்று டாக்டர் சொன்னது நினைவிருக்கும். ஆனால் டீயை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. டீயோடு சேர்த்தே மாத்திரையை விழுங்கிவிட்டு, பத்து நாள் கழித்து “மாத்திரை கேட்கவே இல்லை” என்று வருத்தப்படுகிறார்கள். மாத்திரையை மாற்றுவதற்கு முன் அதைப் போடும் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ரபிபிரசோல் என்று ‘பிரசோல்’ என முடியும் கேஸ் மாத்திரைகள் எல்லாம் ஒரே வகை. இரைப்பைச் சுவரில் உள்ள சில செல்களில் அமிலத்தை வெளியே தள்ளும் புரதங்கள் இருக்கின்றன. இவற்றுக்குப் புரோட்டான் பம்ப் என்று பெயர். ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளி, பதிலுக்குப் பொட்டாசியத்தை உள்ளே இழுப்பது இவற்றின் வேலை. வயிறு காலியாக இருக்கும்போது பெரும்பாலான பம்புகள் செல்லுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும். சாப்பாடு உள்ளே போனதும் அவை செல்லின் ஓரத்துக்கு வந்து ஓடத் தொடங்கும்.

இந்த மருந்து இரைப்பையில் கரைந்து அங்கேயே வேலை செய்வதில்லை. அமிலம் பட்டால் சிதைந்துவிடும் என்பதால், அமிலத்தில் கரையாத ஒரு பூச்சைப் போட்டுத்தான் தருகிறார்கள். மாத்திரை சிறுகுடலுக்குப் போய்க் கரைந்து, ரத்தத்தில் கலந்து, ரத்த வழியாக அந்தச் செல்களுக்குத் திரும்பி வருகிறது. அங்கே கடும் அமிலம் இருக்கும் இடத்தில்தான் அது செயல்படும் வடிவத்துக்கு மாறும். கடும் அமிலம் இருப்பதோ ஓடிக்கொண்டிருக்கும் பம்பின் வாசலில். ஆகவே ஓடும் பம்பை மட்டுமே அது பிடித்து நிறுத்தும். தூங்குகிற பம்பை ஒன்றும் செய்யாது.

ரத்தத்தில் இந்த மருந்தின் அளவு ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் ஒருமுறை பிடிபட்ட பம்ப் அவ்வளவு சீக்கிரம் மீளாது. பெரும்பாலும் உடல் புதுப் பம்புகளைச் செய்துகொண்டால்தான் அமிலம் பழைய அளவுக்கு ஏறும். ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை போதுமென்பது இதனால்தான். ஒவ்வொரு நாளும் அப்போது ஓடும் பம்புகள் மட்டுமே பிடிபடுவதால், முதல் நாளிலேயே முழுப் பலன் தெரியாது, மூன்று முதல் ஐந்து நாள் ஆகும்.

இப்போது அந்த விடிகாலை டீக்கு வருவோம். பிஎச் என்பது அமிலத்தின் அளவுகோல்; எண் ஏற ஏற அமிலம் குறைவு. பூச்சு பொதுவாக 5.5-க்கு மேற்பட்ட பிஎச் அளவில் கரையும்படி செய்யப்பட்டது. பால் டீ ஏறக்குறைய 6-ஐத் தாண்டி நிற்கும். அதோடு சேர்த்து விழுங்கினால், பூச்சு போக வேண்டிய இடத்துக்குப் போகுமுன்பே இளகத் தொடங்கலாம். பச்சைத் தண்ணீர்தான் நல்லது. கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. அப்புறம், டீயில் உள்ள கஃபீனும் பாலில் உள்ள புரதமும் கால்சியமும் அமிலச் சுரப்பைத் தூண்டும். பால் குடித்தால் எரிச்சல் ஆறும் என்ற நம்பிக்கை முதல் கொஞ்ச நேரத்துக்குத்தான் சரி. ஒரு சின்ன டம்ளர் டீ பம்புகளில் சிலவற்றை எழுப்பும். திரளாக எழுப்ப முழுச் சாப்பாடு வேண்டும். ஐந்து மணிக்கு மாத்திரை, பத்து மணிக்குச் சாப்பாடு என்றால், பம்புகள் திரளாக விழிக்கும் நேரத்தில் ரத்தத்தில் மருந்து ஏறக்குறையத் தீர்ந்திருக்கும்.

எழுந்ததும் தண்ணீரில் மாத்திரை, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் பழைய சோறோ இட்லியோ, அதோடு டீ என்று வைத்துக்கொண்டால் எல்லாம் பொருந்தும். காலையில் சாப்பிட வாய்ப்பே இல்லாதவர்கள், இரவுச் சாப்பாட்டுக்கு முன் போடலாமா என்று டாக்டரிடம் கேட்பது நல்லது. பலருக்கு அப்படி மாற்றித் தருகிறார்கள்.

டீயை அடியோடு நிறுத்த வேண்டுமா? ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. கஃபீன் உணவுக்குழாயின் அடியில் இருக்கும் இறுக்குத் தசையைச் சிலருக்குத் தளர்த்தும், பலருக்கு அப்படி ஒன்றும் தெரியாது. இரண்டு டம்ளர் குடித்து எதுக்களிப்பு இல்லையென்றால் நிறுத்தத் தேவையில்லை என்பதே என் கருத்து. ஆனால் டீயோடு வடை, பஜ்ஜி சேர்ந்தால் கதை வேறு. எண்ணெய்ப் பண்டம் வயிற்றிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். நிறைந்த வயிற்றோடு உடனே நடவுக்குக் குனிவதும் அப்படித்தான். குனியும்போது வயிறு அழுந்தி, உள்ளே இருப்பது மேலே ஏறும். நாற்று நடும் பெண்களுக்கு நெஞ்செரிச்சல் வந்தால் டீயை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

ஜெலுசில் போன்ற திரவ மருந்துகளும் ஃபமோடிடின் மாத்திரையும் வேறு வழியில் வேலை செய்பவை. இந்த அரை மணிக் கணக்கு அவற்றுக்கு இல்லை. நெஞ்சு வலி கை, தாடைக்குப் பரவினாலோ, வேர்த்துக் கொட்டினாலோ, கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெண்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்ள வயிற்று அமிலம் உதவுகிறது. மாதக்கணக்கில் இந்த மாத்திரை போட்டால் அந்த உதவி குறையும். டீயிலுள்ள டானின் மிச்சமிருக்கும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிடும் கர்ப்பிணிகள், அதற்கும் டீக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். கேஸ் மாத்திரையும் கூடவே ஓடுகிறது என்பதை நர்சிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.