கதிர்வீச்சு முடிந்த பிறகு வரும் இரண்டு வாரங்கள்

மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொள்ளும் பெண்களிடம், சிகிச்சை முடியும் முன்பே நான் கட்டாயம் சொல்லிவிடும் விஷயம் ஒன்று உண்டு. கடைசி நாளோடு எல்லாம் அடங்கிவிடாது. தோல் எரிச்சலும் உடல் அசதியும் அதற்கடுத்த ஒன்றிரண்டு வாரங்களில்தான் உச்சத்துக்குப் போகும், பிறகு மெல்ல இறங்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டவர்கள் அந்த நாட்களை நிதானமாகக் கடக்கிறார்கள். தெரியாதவர்கள், சிகிச்சை முடிந்த பிறகும் கருத்துக்கொண்டே போகும் தோலைப் பார்த்து, ஏதோ தவறாகிவிட்டது என்று இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். வீட்டிலோ "அதான் எல்லாம் முடிஞ்சிடுச்சே, இன்னும் ஏன் படுத்தே இருக்கே?" என்று கேட்கிறார்கள்.

காரணம் எளிது. நம் தோலின் அடியடுக்கில் புதிய செல்கள் பிறந்து, மேலே வந்து, பழையன உதிரும் இடத்தை நிரப்புகின்றன. இதற்குச் சில வாரங்கள் ஆகும். கதிர்வீச்சு பாதிப்பது அந்த அடியடுக்கை. மேலே இருப்பது உதிர்ந்து, கீழேயிருந்து வர வேண்டியது வராதபோதுதான் பாதிப்பு கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் இன்று பட்ட கதிரின் விளைவு இன்றே தெரிவதில்லை.

"கட்டியைத்தான் எடுத்துட்டாங்களே டாக்டர், அப்புறம் எதுக்குக் கரண்ட் வைக்கணும்?" என்ற கேள்வி அநேகமாக எல்லாரிடமிருந்தும் வரும். நியாயமான கேள்வி. கட்டியை மட்டும் அகற்றி மார்பைக் காப்பாற்றும்போது, கண்ணுக்கோ ஸ்கேனுக்கோ அகப்படாத செல்கள் அங்கே மிச்சம் இருக்கக்கூடும். அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷரின் தலைமையில் நடந்த ஆய்வின் 20 ஆண்டு முடிவுகள் 2002-இல் வெளிவந்தன. கட்டியை மட்டும் அகற்றிக்கொண்டவர்களில் 39.2 சதவீதத்தினருக்கு அதே மார்பில் நோய் திரும்பியிருந்தது. கதிர்வீச்சும் எடுத்துக்கொண்டவர்களில் அது 14.3 சதவீதம். மார்பையே முழுதாக அகற்றிக்கொண்டவர்களும் கட்டியை மட்டும் அகற்றிக்கொண்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் உயிர் வாழ்ந்தார்கள். இன்றைய மருந்துகளாலும் அறுவை சிகிச்சை முறைகளாலும் நோய் திரும்பும் விகிதம் இன்னும் குறைந்திருக்கிறது. மார்பை முழுதாக எடுத்தவர்களுக்கும், கட்டி பெரிதாக இருந்தாலோ அக்குள் நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவியிருந்தாலோ, கதிர்வீச்சு தேவைப்படலாம்.

முன்பெல்லாம் 5 வாரம், 25 சிட்டிங், அதாவது 25 முறை கதிர் எடுப்பது என்பதுதான் வழக்கம். இப்போது 3 வாரத்தில் 15 சிட்டிங் பரவலாகிவிட்டது. பிரிட்டனில் நடந்து 2020-இல் வெளியான ஃபாஸ்ட் ஃபார்வர்டு ஆய்வுக்குப் பிறகு, தகுதியுள்ள சிலருக்கு ஒரே வாரத்தில் 5 சிட்டிங்கும் தருகிறோம். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு 25, எனக்கு 15 மட்டுமா என்று பயப்பட வேண்டாம். நாள் குறையும்போது ஒவ்வொரு நாளும் தரும் அளவு கூடும். ஒரு வாரச் சிகிச்சையில் தோல் மாற்றம் பெரும்பாலும் எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகே தொடங்கும் என்பதால், நான் முதலில் சொன்ன எச்சரிக்கை இவர்களுக்குத்தான் மிகவும் பொருந்தும்.

சிகிச்சை அறையில் ஷாக் அடிக்காது, சூடு தெரியாது, வலிக்காது. எக்ஸ்ரே எடுப்பது போலத்தான். கதிர் படுவது சில நிமிடங்கள் மட்டுமே, மீதி நேரமெல்லாம் உங்களைச் சரியான நிலையில் படுக்கவைப்பதற்குப் போய்விடும். திட்டமிடும் ஸ்கேன் அன்று தோலில் சிறு புள்ளிகளாகப் பச்சை குத்துவார்கள் அல்லது மையால் கோடு போடுவார்கள். மையாக இருந்தால் தேய்த்து அழித்துவிடாதீர்கள். இடது மார்பாக இருந்தால் மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தச் சொல்லலாம். நுரையீரல் விரியும்போது இதயம் கதிரின் பாதையிலிருந்து விலகும் என்பதற்காகத்தான் அது. வீட்டிலேயே 20 விநாடி மூச்சை நிறுத்திப் பழகிக்கொண்டு வருபவர்களுக்கு முதல் நாள் பதற்றம் குறைவு. அறுவை சிகிச்சைக்குப் பின் தோள் இறுகியிருந்தால் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்க முடியாது, ஸ்கேனே தள்ளிப்போகும். ஆகவே தோள் பயிற்சியை மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்தே தொடங்குங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து செலுத்தும் இந்தக் கதிர், இயந்திரம் நின்றதும் நின்றுவிடும். உங்கள் உடலில் எதுவும் தங்காது. குழந்தையைத் தூக்கலாம், மடியில் வைத்துக் கொஞ்சலாம், கணவரின் பக்கத்தில் படுக்கலாம். இது தெரியாமல் தனி அறையில் ஒதுங்கி, பேரக்குழந்தையைத் தொடாமலேயே வாரக்கணக்கில் இருந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை யாருக்கும் தேவையற்றது. தயவுசெய்து சுற்றியுள்ளவர்களுக்கும் சொல்லுங்கள்.

இனி தோல். பாடப்புத்தகப் படங்களில் தோல் செக்கச்செவேலென்று சிவந்திருக்கும். மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. தோல் கருக்கும், வறண்டு இறுகும், தொட்டால் சூடாக இருக்கும், அரிக்கும். சிவக்கவில்லையே என்று காத்திருக்காமல், அரிப்பும் சூடும் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். மார்பின் அடி மடிப்பிலும் அக்குளிலும்தான் முதலில் உரியும். அங்கே வியர்வையும் உரசலும் அதிகம். கனத்த மார்புள்ளவர்கள் மடிப்புக்குள் மெல்லிய பருத்தித் துணியை மடித்து வைத்துக்கொள்ளலாம். கம்பி வைத்த உள்ளாடையைக் கொஞ்ச காலம் மறந்துவிடுங்கள்.

குளிக்கலாம், குளிக்கவும் வேண்டும். வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, தேய்க்காமல் ஒற்றித் துடைப்பது, இவ்வளவுதான். வாசனையில்லாத ஈரப்பத கிரீமை மெல்லிய பூச்சாகத் தடவலாம், சிட்டிங்குக்குச் சற்று முன்னால் கெட்டியாக அப்பிக்கொண்டு வர வேண்டாம். தோல் உரியாத வரை டியோடரன்ட் போட்டாலும் தீங்கில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஐஸ் கட்டி, சுடுநீர்ப் பை, பிளாஸ்டர் மூன்றும் அந்த இடத்துக்கு ஆகாது. தோல் உரிந்து நீர் கசியத் தொடங்கினால், கையில் கிடைத்த களிம்பையோ பச்சிலையையோ பூசாதீர்கள். ஒட்டாத வகைக் கட்டுகள் இருக்கின்றன, நாங்கள் போட்டுவிடுவோம். பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். புண்ணைச் சுற்றிச் சூடு பரவி, காய்ச்சலோ துர்நாற்றமோ வந்தால் அன்றே வாருங்கள்.

நான் பார்த்தவரை பெண்கள் சொல்லாமல் மறைப்பது இந்த மடிப்புப் புண்ணைத்தான். கூச்சம், அல்லது சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். தோல் புண்ணுக்காகச் சிகிச்சையை நிறுத்த வேண்டி வருவது அபூர்வம். ஆனால் வலி தாங்காமல் நீங்களாகவே நாள்களைத் தவறவிட்டால், மிச்சமிருக்கும் புற்றுச் செல்களுக்கு அவகாசம் கிடைத்துவிடும். தவிர்க்க முடியாமல் ஒரு நாள் விட்டுப்போனால் தகவல் சொல்லுங்கள், அதை ஈடுகட்ட வழி உண்டு.

தலைமுடி இதனால் கொட்டாது. கதிர் படும் பக்கத்து அக்குள் முடி மட்டும் உதிரலாம். வாந்தியும் பொதுவாக வராது. கழுத்தடியில் உள்ள கணுக்களுக்கும் கதிர் கொடுத்தால் சில நாள் விழுங்கும்போது தொண்டை வலிக்கும்.

அசதி வேறு ரகம். தூங்கி எழுந்தாலும் போகாத அசதி இது. நாள் முழுதும் படுத்திருப்பது இதைக் கூட்டுமே தவிர குறைக்காது. முடிந்த அளவு சிறு நடை தினமும் நடப்பவர்களுக்கு அசதி குறைவதை ஆய்வுகளிலும் பார்த்திருக்கிறோம், என் நோயாளிகளிடமும் பார்க்கிறேன். வீட்டு வேலையை மட்டும் மற்றவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும், கடைசி சிட்டிங் வரை மட்டுமல்ல, அதன் பிறகும் சில வாரங்கள். இரண்டு மூன்று மாதம் தாண்டியும் குறையாவிட்டால் ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். மனச்சோர்வையும் விசாரிக்க வேண்டும். தினமும் மருத்துவமனைக்கு வந்து போனபோது அழாதவர்கள், எல்லாம் முடிந்து வீட்டில் சும்மா இருக்கும்போது அழுகிறார்கள். அதை நன்றி கெட்டதனம் என்று யாரும் நினைக்கக் கூடாது.

அடுத்த மாதங்களில் மார்பில் விநாடி நேரம் ஊசி குத்துவது போன்ற வலி வந்து போகும். மார்பு கனத்தோ, கொஞ்சம் இறுகியோ இருக்கும். இவை நோய் திரும்பியதன் அடையாளம் அல்ல. புதிதாகக் கட்டி தட்டுப்பட்டாலோ, கை வீங்கினாலோ உடனே காட்டுங்கள். கதிர் பட்ட இடத்தில் வெயில் படாமல் எப்போதும் பார்த்துக்கொள்ளுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், கதிர்வீச்சோடு சேரும்போது அது நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைப் பெருக்குகிறது. மார்பைக் காப்பாற்றியவர்கள், சிகிச்சை முடிந்து 6 முதல் 12 மாதத்துக்குள் முதல் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்க வேண்டும்.

ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமலும் மூச்சு வாங்கலும் வந்தால், அது நுரையீரலின் ஓரத்தில் கதிர் பட்டதால் வந்த அழற்சியாக இருக்கலாம். எல்லாருக்கும் வருவதில்லை, வந்தால் ஸ்டீராய்டு மருந்தில் கட்டுப்படும். ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் போவது வேறொரு மருத்துவரிடமாக இருக்கும், அவர் சாதாரணச் சளி என்று எண்ணக்கூடும். எந்தப் பக்கத்தில், எந்த மாதத்தில் கதிர்வீச்சு முடிந்தது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், சிகிச்சைச் சுருக்கத்தின் நகலையும் கையோடு கொண்டுபோங்கள்.