ஸ்டக்கோ: பூச்சு அன்று, சுதை

பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளைப் பற்றித் தமிழில் எழுதுவோர், சன்னலுக்கு மேல் புடைத்து நிற்கும், ஆங்கிலத்தில் ‘ஸ்டக்கோ’ எனப்படும் பூங்கொத்துகளையும் மாலைகளையும் ‘சுண்ணாம்புப் பூச்சு’ என்றே குறிப்பிட்டு வருகிறார்கள். அண்மையில் ஒரு கையேட்டிலும் அதையே படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஸ்டக்கோ, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். துண்டு, மேலோடு என்று பொருள்படும் ஜெர்மானிய வேர் உடையது. சுவரில் பூசும் காரையையும் அக்காரையால் வனையும் அலங்கார உருவங்களையும் ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல் குறிப்பதால்தான் மொழிபெயர்ப்பாளர்கள் தடுமாறுகிறார்கள்.

தமிழில் அந்தத் தடுமாற்றத்துக்கே இடமில்லை. கரண்டியால் மட்டமாக இழுத்துவிட்டால் அது பூச்சு. செங்கல்லும் கம்பியும் கொண்டு உள்ளுடல் கட்டி, காரையை அடுக்கடுக்காக ஏற்றி, ஈரம் காயுமுன் கண்ணும் மூக்கும் விரல் நகமும் திருத்தினால் அது சுதை வேலை. பினாங்கு குயீன் வீதியில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயிலின் கோபுரத்தைக் காட்டி ‘பூச்சுப் பொம்மைகள்’ என்று எவரும் சொல்வதில்லை. கும்பாபிஷேகத் திருப்பணிக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் சிற்பிகளும் ‘சுதை’ என்றுதான் சொல்கிறார்கள். சுண்ணாம்பு போய்ச் சிமெண்டு வந்த பின்பும் அந்தப் பெயர் மாறவில்லை.

சுதை வடமொழித் தொடர்புடையது, ஆகவே ‘சாந்தணி’ போன்று புதிதாக ஒன்றைப் புனையலாம் என்பாரும் உண்டு. தூய்மையில் எனக்கும் பற்று உண்டு. ஆனால் புகாரின் மாடங்களில் வித்தகர் இயற்றிய உருவங்களைப் பாடும்போது மணிமேகலையே ‘வெண்சுதை’ என்கிறது. இத்தனை நூற்றாண்டுகள் தொழிலாளர் நாவில் வாழ்ந்த சொல்லை ஒதுக்கிவிட்டு, அகராதிக்கு வெளியே யாரும் சொல்லப்போகாத ஒன்றை நடுவது தூய்மை ஆகாது. சாந்தணி என்று கேட்பவருக்கு நெற்றிப் பொட்டுதான் முதலில் நினைவுக்கு வரும்.

இன்னொரு குறையும் உண்டு. கூ கோங்சி என்னும் சீனக் குலமன்றத்தின் கூரையில் வண்ணப் பீங்கானைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய உருவங்களையும் சிலர் இதே பெயரில் அடக்கிவிடுகிறார்கள். அது வேறு கைத்தொழில். ‘பீங்கான் ஒட்டு வேலை’ என்று தனியே எழுத வேண்டும். கட்டடத்தின் அருகே சென்று பார்க்காமல், ஆங்கில வாசகத்தை மட்டும் மேசையில் வைத்துக்கொண்டு பெயர்ப்பதால் வரும் பிழைகள் இவை. கடைவீட்டு முகப்பின் பூங்கொத்துக்குச் ‘சுதைப் பூவேலை’ என்றும், வெறும் சுவருக்குக் ‘காரைப் பூச்சு’ என்றும் எழுதுங்கள்.